பூச்சியை விரட்டப் பூச்சி: மா, கொய்யாத் தோப்பில் துணைப்பயிரும் இயற்கை எதிரிகளும்

மாந்தோப்புக்குள் தட்டைப்பயறு விதைத்தால் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளுமே என்று தயங்குகிறவர்கள் நிறைய. அப்பிக்கொள்ளட்டும், அதற்காகத்தான் விதைப்பது. தட்டைப்பயறில் வரும் கருப்பு அசுவினி பெரும்பாலும் பயறுவகைச் செடிகளோடு நின்றுவிடும். மாமரத்தில் ஏறிப் பிழைக்காது. ஆனால் அதைத் தின்ன வரும் பொறிவண்டும், கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும், பூ ஈயின் புழுவும் மாமரத்துத் துளிரையும் பூவையும் உறிஞ்சும் தத்துப்பூச்சியின் குஞ்சு, இலைப்பேன், மாவுப்பூச்சிக் குஞ்சு எதையும் விட்டுவைக்காது. மரம் துளிர்த்துப் பூவெடுக்கும் நேரத்தில் இவை பத்தடி தூரத்தில் பெருகி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் போய் வாங்கி வரலாம் என்றால் முந்திக்கொள்வது தத்துப்பூச்சிதான்.

நன்மை செய்யும் பூச்சிகளைக் காசு கொடுத்து வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன் அவை தங்குவதற்கான ஏற்பாடு வேண்டும். தோப்பில் பூச்சி இல்லாத மாதங்களில் அவற்றுக்கு வேறு இரை கிடைக்க வேண்டும்; வளர்ந்த குளவிகளுக்கும் ஈக்களுக்கும் தேனும் மகரந்தமும் வேண்டும்; அவற்றை விரட்டுகிற எறும்பும் கொல்கிற மருந்தும் இருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் டப்பா டப்பாவாக வாங்கி விட்டது வீண்.

முதலில் எறும்பு

மாவுப்பூச்சி, செதில்பூச்சி, அசுவினி மூன்றும் சாற்றை உறிஞ்சிவிட்டு மிச்சத்தை இனிப்பான கசிவாக வெளியே தள்ளும். எறும்புக்கு அதுதான் சாப்பாடு. அதனால் எறும்பு இவற்றுக்குக் காவல் நிற்கும். பொறிவண்டு முட்டையிட வந்தால் கடித்து விரட்டும். பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி வந்து உட்காரக்கூட விடாது. மாவுப்பூச்சிக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த கிளையில் குடிவைப்பதும் உண்டு. கொய்யாவில் மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டு விட்டும் பலனில்லை என்று சொல்கிற தோப்புகளில் அடிமரத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், எறும்புச் சாரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து வேண்டாம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், 25 முதல் 30 செ.மீ. அகலமுள்ள கெட்டியான பாலித்தீன் தாளை அடிமரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் சணல் கயிறு போட வேண்டும். பட்டை கரடுமுரடாக இருந்தால் தாளுக்கு அடியில் சந்து இருக்கும், எறும்பு அதன் வழியே போய்விடும். கட்டும் முன் களிமண்ணால் அந்தச் சந்தைப் பூசி அடைத்துவிடுங்கள். தாளின் நடுவில் நான்கு விரல் அகலத்துக்குக் கிரீஸ் தடவுங்கள். நேரடியாகப் பட்டையில் தடவ வேண்டாம், பட்டை கருகும்.

கட்டியதோடு வேலை முடியாது. தரையைத் தொடும் தாழ்ந்த கிளைகளையும், மரத்தில் சாய்ந்து நிற்கும் களைச் செடிகளையும், முட்டுக் கொடுத்த கம்புகளையும் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு புல் கிளையைத் தொட்டால் போதும், எறும்புக்கு அது பாலம். கிரீஸில் தூசி படிந்து காய்ந்து போனாலும் அப்படித்தான். பத்து நாளைக்கு ஒரு முறை ஒரு சுற்று வந்து, தேவைப்படும் இடத்தில் மறுபடி தடவுங்கள். கொய்யாவில் அடியிலேயே மூன்று நான்காகக் கிளை பிரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தாள் கட்ட வேண்டியதுதான். கிளை வெட்டிக் கவாத்து செய்யும்போதே அடியில் ஒன்றரை அடிக்குத் தண்டை வெறுமையாக விட்டு வளர்த்தால் அந்தச் சிரமம் பாதியாகும்.

எதை, எங்கே, எந்த மாதத்தில் விதைப்பது

பத்துக்குப் பத்து மீட்டர் இடைவெளியில் வைத்த பழைய மாந்தோப்பை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு சுமார் 40 மரம். இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே, நிழல் விழாத மையத்தில் துணைப்பயிருக்கு இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு நீளப் பட்டை. எல்லா இடைவெளியிலும் போட வேண்டாம், ஒன்றுவிட்டு ஒன்று போதும். இப்படிப் போட்டால் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம் பட்டைக்குப் போகும். பட்டை முழுக்கத் தட்டைப்பயறு என்றால் ஒரு கிலோ விதையில் அடங்கிவிடும். பாதியில் கொத்தமல்லி போடுவதானால் அரைக்கிலோ தட்டைப்பயறும் கால் கிலோ மல்லியும் போதும். மல்லி விதையை இரண்டாக உடைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்து விதையுங்கள், இல்லாவிட்டால் முளைப்பு ஏறுமாறாக இருக்கும்.

அடிமரத்தைச் சுற்றி ஒன்றரை இரண்டு மீட்டருக்கு எதுவும் வேண்டாம். அங்கே செடி மண்டினால் அடிமரம் ஈரமாகவே இருக்கும், கறையானும் பட்டை அழுகலும் வரும், தண்டுத் துளைப்பான் வண்டு வந்து முட்டையிட்டுவிட்டுப் போவது கண்ணுக்கும் தெரியாது.

காலத்தைக் கணக்கிடுவதில்தான் பலருக்குத் தவறுகிறது. தமிழ்நாட்டில் மா பெரும்பாலும் மார்கழி, தையில் பூவெடுக்கும். தட்டைப்பயறு விதைத்த மூன்று நான்கு வாரத்தில் அசுவினி ஏறும். அதற்கடுத்த இரண்டு வாரத்தில் பொறிவண்டு வந்துவிடும். மல்லி பூக்க விதைத்ததிலிருந்து ஏறக்குறைய 40 முதல் 45 நாள் ஆகும். ஆக, தட்டைப்பயறை ஐப்பசி மழையோடு விதைக்க வேண்டும். மல்லியை இரண்டு தவணையாக, ஒன்று கார்த்திகை முதல் வாரம், இன்னொன்று கார்த்திகைக் கடைசி. இரண்டு தவணை போட்டால் மாம்பூ முடியும் வரை மல்லிப்பூ தட்டாது.

மல்லி, சோம்பு, சதகுப்பை ஆகிய மூன்றின் பூவும் குடைபோல விரிந்து, தேன் மேலாகவே இருக்கும். ஒட்டுண்ணிக் குளவிகளின் வாய் குட்டை. குழல் போன்ற பூக்களில் எவ்வளவு தேன் இருந்தாலும் அவற்றுக்கு எட்டாது. குளவிக்கு என்று நினைத்து அழகான பூச்செடிகளை வரப்பு முழுக்க வைத்தவர்களுக்கு வண்ணத்துப்பூச்சி வந்திருக்கும், குளவி வந்திருக்காது. மல்லி நிழலில் பூக்காது. அடர் நடவுத் தோப்பாக இருந்து நடுவில் வெயில் விழவில்லை என்றால் பட்டையைத் தோப்பின் ஓரத்துக்கு, கிழக்கு அல்லது தெற்கு வரப்புக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மா பூவெடுக்க வேண்டுமென்றால் அதற்கு முன் இரண்டு மாதம் மண் காய வேண்டும். அந்தச் சமயத்தில் ஊடுபயிருக்கு என்று தண்ணீர் பாய்ச்சினால் மரம் பூவுக்குப் பதில் துளிர் தள்ளும், அந்த வருஷ விளைச்சல் போயிற்று. ஆகவே ஐப்பசித் தட்டைப்பயறு மழை ஈரத்தில் மட்டும் வர வேண்டும். கார்த்திகை மல்லிக்கு மழை பொய்த்தால் பட்டைக்கு மட்டும் பூவாளியில் தண்ணீர் தெளியுங்கள், வாய்க்காலைத் திறந்துவிடாதீர்கள். கரிசல் மண்ணில் ஈரம் நிற்கும், கவலையில்லை. செம்மண் தோப்பில் மல்லி வரவில்லை என்றால் விட்டுவிடலாம். பயறை மட்டும் வைத்துக்கொண்டாலும் பாதி வேலை நடக்கும். தட்டைப்பயறுக்குப் பூவைத் தவிரக் காம்புகளிலும் தேன் கசியும் இடங்கள் உண்டு, குளவிகள் அதையும் குடிக்கும்.

பயறில் அசுவினி மொய்க்கும்போது கை பரபரக்கும். மருந்தை எடுக்காதீர்கள். கொடியின் நுனியை உற்றுப் பாருங்கள். முதல் வாரம் கருப்பாக அசுவினி மட்டும் தெரியும். அடுத்த வாரம் இலையின் அடியில் மஞ்சள் நிறத்தில், நெட்டுக்குத்தாக, பத்து இருபதாக நெருங்கி நிற்கும் பொறிவண்டு முட்டைகள் இருக்கும். மயிரிழை போன்ற காம்பின் நுனியில் தனித்தனியாக நிற்கும் பச்சை முட்டை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. பொரித்ததும் பக்கத்து முட்டையையே தின்றுவிடும் புழு அது. அதனால்தான் அந்தக் காம்பு. பிறகு கருப்பில் ஆரஞ்சுப் புள்ளி வைத்த, குட்டி முதலை போன்ற புழுக்கள் ஓடித் திரியும். இவை பொறிவண்டின் பிள்ளைகள். வண்டை அடையாளம் தெரிந்தவர்கள்கூட இதைப் பார்த்துப் பயந்து மருந்தடித்துவிடுகிறார்கள். வண்டைப் போலவே இந்தப் புழுவும் அசுவினியை நிறையத் தின்னும்.

மாம்பூ விரியத் தொடங்கியதும் தட்டைப்பயறை ஒன்றுவிட்டு ஒரு பட்டையாக அறுத்து அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள். இரை குறைந்ததும் வண்டுகள் மரத்துக்கு ஏறும். எல்லாப் பட்டையையும் ஒரே நாளில் அறுத்தால் தங்க இடமில்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். பத்துப் பன்னிரண்டு நாள் விட்டு மீதியை அறுக்கலாம்.

மக்காச்சோளத்தையோ சோளத்தையோ காற்றடிக்கும் பக்கத்து வரப்பில் நெருக்கமாக மூன்று வரிசை போடுவது சிலந்திக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கும் நல்ல இடம். இதைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

தோப்புக்குள்ளும் வேலியிலும் ஆகாதவை

துணைப்பயிர் பட்டியல் ஒன்றைப் பார்த்து எல்லாவற்றையும் நட்டுவிடுவதைவிட, தோப்பில் ஏற்கெனவே நிற்கும் தவறான செடிகளை அகற்றுவது பல சமயம் அதிகப் பலன் தரும்.

மாந்தோப்பு ஓரத்தில் இலவ மரம் கூடாது. மாவைத் துளைக்கும் தண்டுத் துளைப்பான் வண்டு இலவத்திலும் பெருகும். கொய்யா, மாதுளைத் தோப்பு வேலியில் ஆமணக்கு வைக்கும் வழக்கம் உண்டு. ஆமணக்குக் காயைத் துளைக்கும் அதே புழுதான் கொய்யாவையும் மாதுளையையும் துளைக்கிறது. ஆமணக்கைக் கவர்ச்சிப் பயிராக வைப்பவர்கள் வாரம் தவறாமல் துளைத்த காய்க்குலையை ஒடித்து அழிக்க வேண்டும். அதைச் செய்ய ஆளில்லை என்றால் ஆமணக்கு வேண்டாம். செம்பருத்தி, வெண்டை, துத்தி, பார்த்தீனியம் எல்லாம் மாவுப்பூச்சிக்கு வீடு. வேப்பமரத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் கொய்யாவிலும் முந்திரியிலும் துளிரைக் கருக வைக்கும் தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சி வேம்பின் துளிரிலும் இருக்கும். அதற்காக வேம்பை வெட்ட வேண்டியதில்லை. கொய்யாவில் தேயிலைக் கொசு தென்படும் காலத்தில் வேம்பின் கொழுந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கொய்யாவில் வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் மேலே சொன்ன தட்டைப்பயறே ஆகாது. பயறின் வேரில் நூற்புழு நன்றாகப் பெருகும். கத்தரி, தக்காளி, வெண்டையிலும் அப்படியே. பழனி அருகே ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்புகளை வாட்டிய பிரச்சினை இது. இலை வெளிறி, ஓரம் சிவந்து, மரம் சோர்ந்து நிற்கும். பலர் சத்துக் குறைவு என்று உரத்தைக் கொட்டுவார்கள். ஊடுபயிரை முடிவு செய்யும் முன் இலை விதானத்தின் விளிம்புக்கு நேர் கீழே அரை அடி தோண்டி, மெல்லிய வேரைக் கழுவிப் பாருங்கள். கழலை கழலையாக வீங்கியிருந்தால் நூற்புழு.

அங்கே போட வேண்டியது செண்டுமல்லியும், பசுந்தாள் உரச் செடியான சணப்பையும். செண்டுமல்லி வேரில் உள்ள பொருள் நூற்புழுக் குஞ்சுகளைப் பெருக விடாது. ஆனால் மூலைக்கு நான்கு செடி வைத்தால் நூற்புழுவுக்குத் தெரியக்கூடத் தெரியாது. வேர் படர்ந்த மண்ணில்தான் பலன். ஆகவே விதான விளிம்பைச் சுற்றி மூன்று வரிசை, செடிக்குச் செடி ஒரு அடி, குறைந்தது இரண்டரை மாதம் நிற்க வேண்டும். நடுவே வரும் களையையும் பிடுங்க வேண்டும், களை வேரில் நூற்புழு தப்பித்துவிடும். பூவை விற்றுவிட்டுச் செடியை அங்கேயே கொத்தி மடக்குங்கள். இடைவெளிகளில் சணப்பை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். செண்டுமல்லியில் கோடையில் சிவப்புச் சிலந்தி ஏறும்; இலை வெளுத்துப் பின்னல் கட்டினால் அந்தச் செடிகளை மட்டும் பிடுங்கி எடுத்துவிடுங்கள். புதிதாக நடுகிறவர்கள் கன்று வாங்கும்போதே பையைக் கிழித்து வேரைப் பார்த்து வாங்குவது இதையெல்லாம்விட மேல், ஏனென்றால் நூற்புழு பெரும்பாலும் நாற்றங்கால் மண்ணோடுதான் தோப்புக்குள் வருகிறது.

மாவுப்பூச்சிக்கு வண்டு விடுவது

கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டு 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சிக்காக. அந்த வேலையில் அது பெரிதாகச் சாதிக்கவில்லை. மாவுப்பூச்சியில்தான் பேர் வாங்கியது. உடம்பு கருப்பு, தலையும் பின்முனையும் செம்மஞ்சள், அளவு ஏறக்குறைய நான்கு மி.மீ.

இதன் புழு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். வெள்ளை மெழுகு இழைகளால் மூடியிருப்பதால், வண்டு விட்ட இரண்டாவது வாரம் தோப்பைப் பார்க்கிறவர் மாவுப்பூச்சி இன்னும் பெருத்துவிட்டது என்று மருந்தடித்துவிடுவார். வித்தியாசம் எளிது. மாவுப்பூச்சி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், சின்னது. இந்தப் புழு ஒரு செ.மீ.க்கு மேலும் வளரும், மெழுகு இழைகள் நீளமாகத் தொங்கும், குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று நடக்கும். மாவுப்பூச்சிக் கூட்டத்தில் இன்னொரு மெழுகுப் போர்வைக்காரரும் வருவார்: ஒரு சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு, அதுவும் மாவுப்பூச்சியைத் தின்பது. அதன் கூட்டுப்புழுவைக் கையில் எடுத்துப் பாருங்கள், குரங்கு முகம் வரைந்தது போலவே இருக்கும். இவற்றில் எதைக் கண்டாலும் தெளிப்பானை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

மரத்தின் அளவைப் பொறுத்து மரத்துக்கு 10 முதல் 20 வண்டு. தோப்பு முழுக்கச் சமமாகப் பிரித்து விட வேண்டாம். மாவுப்பூச்சி அதிகமுள்ள மரங்களில் துணியால் அடையாளம் கட்டி, அவற்றில் தாராளமாக விடுங்கள். வண்டு அங்கே பெருகித் தானாகப் பரவும். வாங்கி வந்த அன்று மாலையே விட வேண்டும். டப்பாவை வண்டியின் முன்பக்கம் வெயிலில் மாட்டிக்கொண்டு வராதீர்கள். ஈரத்துணி சுற்றிய பையில் கொண்டுவாருங்கள். டப்பாவை மாவுப்பூச்சி இருக்கும் கிளைக் கவட்டையில் வைத்துத் திறந்து, தானாக வெளியேற விடுங்கள். கிடைத்தால் வண்டோடு புழுவும் கேட்டு வாங்குவது நல்லது, புழு பறந்து போகாது. அக்னி நட்சத்திர வெயிலில் விட்டால் பெரும்பகுதி வீண். இலைக்கு ஒன்று இரண்டாக மாவுப்பூச்சி இருக்கும்போது விடுவதும் வீண். முட்டைப்பை கொண்ட கூட்டங்கள் இருந்தால்தான் இந்த வண்டு முட்டையிட்டுத் தங்கும்.

பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அவசரத்துக்கு ஆகிற வழி இல்லை இது. முன்பு மருந்தடித்த தோப்பாக இருந்தால் கடைசித் தெளிப்புக்கும் வண்டு விடுவதற்கும் இடையே குறைந்தது மூன்று வாரம் விடுங்கள்.

இந்த வண்டை வீட்டிலேயே பெருக்கலாம். ஒன்றரை இரண்டு கிலோ எடையில், வரிவரியாகப் பள்ளம் உள்ள, காம்போடு கூடிய பழுத்த பரங்கிக்காய் வேண்டும். கழுவிக் காயவைத்து, காயம்பட்ட இடங்களை உருக்கிய மெழுகால் அடைத்து, மாவுப்பூச்சி முட்டைப்பைகளை அதன்மேல் வையுங்கள். வெளிச்சம் குறைந்த அறையில் இரண்டு மூன்று வாரத்தில் காய் முழுக்க மாவுப்பூச்சி மூடிவிடும். அப்போது ஒரு அடி அளவுக் கூண்டில் காயை வைத்து நூறு வண்டை ஒரு நாள் விட்டு எடுத்துவிடுங்கள். ஒரு மாதத்தில் புது வண்டு வரும். காய் அழுகுவதும், கூண்டுக்கால்களில் எறும்பு ஏறுவதும்தான் இதில் வழக்கமாக வரும் இரண்டு கேடு. கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துவிட்டால் இரண்டாவது தீர்ந்தது.

எல்லா மாவுப்பூச்சிக்கும் இதே வண்டுதான் என்று நினைக்கக் கூடாது. 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் சாய்த்தபோது, ஏற்கெனவே இங்கிருந்த வண்டுகளால் அதைக் கட்ட முடியவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவிதான் அதை அடக்கியது. இன்று அது பெரும்பாலான இடங்களில் தானாகவே இருக்கிறது. பப்பாளி இலையைத் திருப்பிப் பாருங்கள்: மாவுப்பூச்சிகளுக்கு இடையில் பழுப்பாக உப்பிக் காய்ந்த, முதுகில் வட்ட ஓட்டை விழுந்த கூடுகள் இருந்தால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். அந்த இலைகளைப் பறித்து எரித்தால் குளவியையும் சேர்த்து எரிக்கிறீர்கள்.

முசுறு: மாவுக்கு நண்பன், கொய்யாவுக்கு யோசிக்க வேண்டும்

எறும்பை ஏறவிடாதே என்று சொல்லிவிட்டு, இலையைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு முசுறைப் புகழ்வது முரணாகத் தோன்றும். தென் சீனத்தில் ஆரஞ்சு வகை மரங்களைக் காக்க முசுறுக் கூடு விற்றதற்குக் குறைந்தது 1700 வருஷத்துச் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலும் மாந்தோப்புகளில் இப்போதும் இதைப் பயன்படுத்துகிறார்கள். முசுறு நடமாடும் பழத்தில் பழ ஈ முட்டையிடத் தயங்கும். தேயிலைக் கொசுவும் கூன்வண்டும் அங்கே நிம்மதியாக இருக்க முடியாது.

ஆனால் முசுறும் இனிப்புக் கசிவுக்காக மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் வளர்க்கும். எனவே கணக்கு இதுதான்: பழ ஈயும் தேயிலைக் கொசுவும் பெரிய தொல்லை என்றால் முசுறு லாபம், மாவுப்பூச்சி பெரிய தொல்லை என்றால் நஷ்டம். மாவிலும் முந்திரியிலும் வைத்துக்கொள்ளலாம், மாவுப்பூச்சி பிடித்த கொய்யாவில் வேண்டாம். முசுறு இருக்கும் மரத்துக்குக் கிரீஸ் பட்டை கட்டுவதிலும் அர்த்தமில்லை. இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள்.

புதிதாகக் குடியேற்றுகிறவர்கள் ஒரு கூட்டை மட்டும் வெட்டி வந்தால் சில மாதத்தில் கூட்டம் மங்கிப் போகும். ஒரு கூட்டத்துக்கு ராணி ஒன்றுதான், பல மரங்களில் பத்துக் கூடு இருந்தாலும் அது அவற்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். ஒரே கூட்டத்தின் எல்லாக் கூடுகளையும் விடிவதற்கு முன் பையில் போட்டு வெட்டி எடுத்து, ஒரே நாளில் மாற்ற வேண்டும். மரத்துக்கு மரம் கயிறு கட்டிப் பாதை போட்டால் தரையில் இறங்காமலே பரவும். இரண்டு வேறு கூட்டத்து எறும்புகள் சந்தித்தால் செத்துத் தீரும் வரை சண்டை. அவற்றுக்கு இடையே கயிறும் கூடாது, கிளையும் உரசக் கூடாது. காய் பறிக்கும்போது கடிக்கும், அதில் சமாதானம் கிடையாது. அதிகாலையில் அவை மந்தமாக இருக்கும்போது, கையில் சாம்பல் பூசிக்கொண்டு பறிப்பார்கள்.

பழ ஈ

துளசியை வரப்பில் வைத்தால் பழ ஈ வராது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. நேர்மாறு. துளசி இலையில் உள்ள மீத்தைல் யூஜினால் ஆண் ஈயை இழுக்கும். செடியாக நின்றால் இழுக்கும், கொல்லாது. பொறியில் வைத்தால்தான் உபயோகம்: மீத்தைல் யூஜினால் கட்டை வைத்த பொறி ஏக்கருக்கு நான்கு முதல் ஆறு, ஆள் உயரத்தில், நிழலான கிளையில், அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே. காய் பழுக்கத் தொடங்கிய பிறகு கட்டினால் அதற்குள் பெண் ஈக்கள் இனச்சேர்க்கையை முடித்திருக்கும்.

பொறியைவிட முக்கியம் விழுந்த பழம். அதற்குள்ளிருக்கும் புழு வெளியேறி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். தினமும் பொறுக்கி, இரண்டடி ஆழக் குழியில் போட்டு மண்ணை மிதித்து மூடுங்கள். மேலாக மூடினால் ஈ மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். அறுவடை முடிந்ததும் மரத்தடியை லேசாகக் கொத்திவிட்டு நாட்டுக்கோழியை மேயவிட்டால் மிச்சமுள்ள கூட்டுப்புழுவைக் கிளறித் தின்றுவிடும். மைனாவும் கரிச்சானும் அழைக்காமலே வரும்.

மாதுளை, கொய்யாவில் காய்த்துளைப்பான் இருந்தால் டிரைக்கோகிரம்மா என்ற மிகச் சிறிய முட்டை ஒட்டுண்ணிக் குளவி வெளிவரும் அட்டை உண்டு. ஏக்கருக்கு ஒரு லட்சம், அதாவது ஐந்து சி.சி. அட்டை, பூக்கும் காலத்தில் பத்து நாளைக்கு ஒரு முறை. பட்டை பட்டையாக வெட்டி, வெயிலும் மழையும் படாமல் இலையின் அடிப்பக்கத்தில் மாலையில் குத்துங்கள். இது முட்டையை மட்டுமே அழிக்கும். காயில் ஓட்டை விழுந்த பிறகு கட்டினால் பயனில்லை. அட்டையை உறைநிலைப் பெட்டியில் வைத்துச் சாகடித்துவிட்டு, குளவி வரவில்லை என்று சொல்வதும் அடிக்கடி நடக்கிறது.

மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால்

மாவில் தத்துப்பூச்சியை இயற்கை எதிரிகள் மட்டுமே அடக்கிவிடும் என்று சொன்னால் அது பொய். கிளை பின்னி, உள்ளே வெயில் படாத தோப்பில் எத்தனை பொறிவண்டு இருந்தாலும் தத்துப்பூச்சி ஜெயிக்கும். அதற்கு மருந்தே கவாத்துதான்: அறுவடை முடிந்ததும் ஆடி, ஆவணியில் உள்நோக்கி வளர்ந்த கிளைகளை எடுத்து, மரத்தின் நடுவில் வெயில் இறங்கச் செய்யுங்கள். பூங்கொத்து தலைகாட்டும்போது வாரம் இரண்டு முறை பத்து மரத்தில், மரத்துக்கு நான்கு கொத்தை வெள்ளைத் துணிமேல் தட்டி எண்ணுங்கள். எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறி, சிலந்தியும் பொறிவண்டும் ஏறாமல் நின்றால் மட்டும் தெளிப்பு.

அந்தத் தெளிப்பு பூ விரியும் முன் முடிய வேண்டும். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் ஈக்களுக்குப் பெரிய பங்கு. பூவில் மருந்தடித்தால் காய்ப்பிடிப்பும் போகும். ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசலில் தொடங்குங்கள்: ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டி நூறு லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்புக் கரைத்து, வெயில் சாய்ந்த பிறகு தெளிக்க வேண்டும். காலையில் அடித்தால் வெயிலில் வீரியம் போய்விடும். மாவுப்பூச்சிக்கு மீன் எண்ணெய் ரோசின் சோப்பு லிட்டருக்கு 25 கிராம். நேரடியாகப் பட்ட நன்மைப் பூச்சியும் சாகும் என்பதால் மாவுப்பூச்சிக் கொத்தின்மேல் மட்டும் படும்படி அடியுங்கள், தோப்பு முழுக்கப் புகையாக அடிக்காதீர்கள்.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளைத் தொடவே வேண்டாம். அடித்த அன்று எல்லாம் செத்தது போலத் தெரியும். ஒட்டுண்ணிகளும் சிலந்திகளும் திரும்பி வர நீண்ட நாள் ஆகும். மெழுகுப் போர்வைக்குள்ளும் பட்டைச் சந்திலும் இருந்த மாவுப்பூச்சி முட்டைகள் அதற்குள் பொரித்து, தின்பதற்கு ஆளில்லாத தோப்பில் முன்னைவிட அதிகமாகப் பெருகும்.

வண்டு, ஒட்டுண்ணி அட்டைகளுக்குக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையம், தோட்டக்கலைத் துறை அலுவலகம் ஆகியவற்றில் கேளுங்கள். போன உடனே கிடைக்காது. வளர்த்துத் தர வாரங்கள் ஆகும் என்பதால், தேவைப்படும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே எந்தப் பூச்சிக்கு, எத்தனை மரத்துக்கு என்று சொல்லிப் பதிந்து வையுங்கள். போகும்போது மாவுப்பூச்சி ஏறிய இலை இரண்டைக் காகிதப் பையில் போட்டுக் கொண்டுபோனால், எந்த வகை என்று பார்த்து அதற்கேற்ற எதிரியைத் தருவார்கள்.